வெயில் வரவும் வெப்பச் செலவும்

வெயிலாலேயே சூடாக இருக்கும்படி கட்டிய வீட்டைப் பற்றிப் பேச்சு வந்தால், தெற்கு ஜன்னல் வழியே எவ்வளவு வெயில் உள்ளே வரும் என்ற கேள்விதான் முதலில் எழும். பம்பு, விசிறி, மின்சாரம் எதுவும் இல்லாமல், கண்ணாடி, சுவர், தரை, கூரை இவற்றின் அமைப்பாலேயே பகல் வெயிலைப் பிடித்து இரவுக்கு வைத்துக்கொள்ளும் இத்தகைய வீட்டைப் பாசிவ் சோலார் வீடு என்கிறார்கள். அதற்கு மேற்கொண்டு எவ்வளவு விறகோ மண்ணெண்ணெயோ மின்சாரமோ தேவைப்படும் என்று முன்கூட்டியே மதிப்பிடுவது தனிக்கலை. வெயிலை அளந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது என்று பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் அடுப்பு கொடுக்க வேண்டிய வெப்பம் என்பது இரண்டு பெரிய தொகைகளுக்கு நடுவே எஞ்சும் வித்தியாசம்: வீடு வெளியே விடும் வெப்பம் ஒன்று, வெயிலும் மனிதர்களும் உள்ளே கொடுப்பது இன்னொன்று. சம்பளமும் செலவும் கிட்டத்தட்ட சமமாக உள்ள குடும்பத்தில், இரண்டிலொன்று கொஞ்சம் பிசகினாலும் மாதக் கடைசியில் துண்டு விழும் தொகை தலைகீழாக மாறிவிடும். பாசிவ் சோலார் வீட்டுக் கணக்கின் சிக்கலும் அதுவே. ஆகவே இழப்பிலிருந்து தொடங்கும் மதிப்பீடே நம்பத்தக்கது. வெயிலிலிருந்து தொடங்குவது பெரும்பாலும் ஏமாற்றும்.

இதை ஓர் உண்மையான ஊரில் வைத்துப் பார்ப்போம். லடாக்கின் லே நகரம் கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 3,500 மீட்டர் உயரத்தில், வட அட்சரேகை 34 டிகிரியில் இருக்கிறது. ஜனவரியில் இரவும் பகலும் சேர்ந்த சராசரி வெப்பநிலை மைனஸ் 8 டிகிரி அளவில் நிற்கும். ஆனால் வானம் பெரும்பாலும் தெளிவு. டிசம்பர் மூன்றாம் வாரத்தில் நண்பகல் சூரியன் அடிவானத்திலிருந்து 32 டிகிரி உயரத்தில்தான் நிற்கும். அந்தத் தாழ்ந்த கதிர் தெற்குச் சுவரில் ஏறக்குறைய நேராக அடிக்கும். ஜூனில் அதே சூரியன் 79 டிகிரிக்கு ஏறிவிடுவதால் தெற்குக் கண்ணாடியை உரசிக்கொண்டு போகும், உள்ளே அதிகம் வராது. குளிர்காலத்தில் தானே திறந்து கோடையில் தானே மூடிக்கொள்ளும் கதவு போல தெற்குப் பக்கம் வேலை செய்வது இந்த வடிவியலால்தான். லே அருகே ஃபே என்ற இடத்தில் உள்ள செக்மோல் வளாகத்தில் மண்ணை இடித்துக் கட்டிய சுவர்களும், குளிர்காலத்தில் தெற்கே பிளாஸ்டிக் தாள் கட்டிக் கோடையில் கழற்றிவிடும் பசுமைக்குடிலும் இதே வடிவியலைப் பயன்படுத்துகின்றன. ஷே கிராமத்து ட்ரூக் வெண்தாமரைப் பள்ளியின் விடுதிகளில், கண்ணாடிக்குப் பின்னால் கனமான சுவரை நிறுத்தி வெயிலைச் சேமிக்கும் டிராம்ப் சுவர்கள் இருக்கின்றன.

இப்போது கணக்குக்காக ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். 100 சதுர மீட்டர் தரை, இரண்டரை மீட்டர் உயரம், 45 சென்டிமீட்டர் சுடாத மண்கல் சுவர், பாப்லர் மர உத்திரத்தின் மேல் வில்லோ குச்சி பரப்பி மண் போட்ட கூரை, தெற்கே 15 சதுர மீட்டரும் மற்றப் பக்கங்களில் 3 சதுர மீட்டரும் ஒற்றைக் கண்ணாடி. உள்ளும் புறமும் ஒரு டிகிரி வித்தியாசம் இருந்தால் எத்தனை வாட் வெளியேறும் என்று ஒவ்வொரு உறுப்பாகக் கூட்ட வேண்டும். பரப்பளவை அந்தப் பொருளின் வெப்பக் கடத்தும் எண்ணால் பெருக்கினால் போதும். சுவருக்கு 109 வாட், கூரைக்கு 120, கண்ணாடிக்கு 99, தரைக்கு 40. சந்துபொந்து வழியே மணிக்கு ஒருமுறை வீட்டுக் காற்று முழுவதும் மாறுகிறது என்று வைத்தால் அதற்கு 55. லேயின் காற்று அடர்த்தி கடல்மட்டத்தில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான் என்பதால் இந்தக் கடைசி எண் குறைவாக வருகிறது. சமவெளிக்கு எழுதிய கையேட்டை அப்படியே பிரதி எடுத்தால் இது 85 ஆகிவிடும். எல்லாம் சேர்ந்து டிகிரிக்கு 420 வாட் சொச்சம். உள்ளே 16 டிகிரி வேண்டுமென்றால் வித்தியாசம் 24 டிகிரி. 24 மணி நேரத்துக்குப் பெருக்கினால், ஜனவரி நாளொன்றில் இழப்பு ஏறக்குறைய 242 யூனிட். மின்கட்டண அட்டையில் வரும் அதே யூனிட்தான், ஒரு கிலோவாட் மணி. நல்ல வெயில் நாளில் ஒற்றைக் கண்ணாடி சதுர மீட்டருக்கு 3 யூனிட் உள்ளே விடும் என்று கொண்டால் தெற்கு ஜன்னல் தரும் வரவு 45. நான்கு பேரின் உடல் வெப்பமும் சமையலும் விளக்கும் இன்னொரு 10. மீதி 187 யூனிட் அடுப்பின் தலையில்.

வெயிலிலிருந்து தொடங்குகிறவர் இந்த இடத்தில் உடனே ஜன்னலைப் பெரிதாக்கச் சொல்வார். தெற்கே இன்னும் 10 சதுர மீட்டர் கண்ணாடி வைத்தால் 30 யூனிட் கூடுதலாக வரும். ஆனால் அங்கே இருந்த மண்சுவர் போய் அதைவிட நான்கு மடங்கு வெப்பம் கடத்தும் கண்ணாடி வருகிறது. இரவும் பகலும் அது வெப்பத்தை வெளியே அனுப்பிக்கொண்டே இருக்கும். அந்தக் கூடுதல் இழப்பு 24 யூனிட். செலவழித்த பணத்துக்கு நிகர ஆதாயம் ஆறே யூனிட். அதே பணத்தைக் கூரைக்குத் திருப்பி, வைக்கோலோ கம்பளியோ தெர்மாகோலோ போதிய தடிப்பில் போட்டு 120 வாட்டை 20 ஆக்கினால், நாளுக்கு 58 யூனிட் மிச்சம். வெயில் வந்தாலும் வராவிட்டாலும், பகலானாலும் இரவானாலும் மிச்சம். இந்த எண்கள் ஒரு மாதிரி வீட்டுக்கு உரியவை; வேறு வீட்டில் வேறாகும். ஆனால் காப்பில்லாத வீட்டில் கூரைக்கும் கண்ணாடிக்கும் உள்ள இந்தப் பெரிய இடைவெளி, எண்களைக் கொஞ்சம் முன்பின் மாற்றினாலும் மறையாது.

இதே வீட்டைச் சுற்றிலும் காப்பிட்டுவிட்டதாகக் கொள்வோம். சுவருக்கு வெளியே காப்பு, கூரையில் காப்பு, இரட்டைக் கண்ணாடி, இரவில் மூடும் தடித்த பலகை, சந்துகளை அடைத்துக் காற்றுமாற்றம் பாதி. டிகிரிக்கு 420 வாட் என்றிருந்தது 135 ஆகிறது. நாள் இழப்பு 78 யூனிட். இரட்டைக் கண்ணாடி சற்றுக் குறைவாக வெயில் விடுவதால் சூரிய வரவு 40, வீட்டுக்குள்ளிருந்து 10. வந்த வரவெல்லாம் அப்படியே பயன்படுவதில்லை. நண்பகலில் அளவுக்கு மீறிச் சூடானால் ஜன்னலைத் திறந்துவிடுவார்கள். எவ்வளவு பயன்படும் என்பதை மதிப்பிட ஐஎஸ்ஓ 13790 என்ற தரவிதி ஒரு சூத்திரம் தந்தது. அதில் இரண்டே விஷயங்கள்: இழப்பில் வரவு எத்தனை பங்கு, வீடு தன் வெப்பத்தை எத்தனை மணி நேரம் தக்கவைக்கும். கனமான மண் வீட்டுக்கு அந்தச் சூத்திரத்தைப் போட்டால் 50 யூனிட்டில் 48 பயன்படும், அடுப்புக்கு 30 மீதி. அதே காப்புள்ள, ஆனால் மரச்சட்டத்தில் கட்டிய இலேசான வீட்டுக்கு 43 பயன்படும், அடுப்புக்கு 35. சுவரின் கனத்துக்குப் பயன் உண்டு. ஆனால் 187-ஐ 30 ஆக்கியது காப்பு, 35-ஐ 30 ஆக்கியது கனம்.

கனமான சுவரே போதும், அதுதானே நம் முன்னோர் வழி என்பது அடிக்கடி கேட்கும் மறுப்பு. மண் வெப்பத்தைத் தேக்கும், உண்மை. ஆனால் எத்தனை நேரம் தேக்கும் என்பதை மண் மட்டும் தீர்மானிப்பதில்லை. தேங்கிய வெப்பத்தை வெளியேறும் வேகத்தால் வகுத்தால்தான் அந்த நேரம் கிடைக்கும். காப்பில்லாத நம் மண் வீட்டில் அது 17 மணி நேரம். அதே மண், அதே கனம், வெளியே காப்பு போர்த்தியதும் 53 மணி நேரம். மாலையில் வீடு 18 டிகிரியில் இருக்கிறது, இரவு வெளியே மைனஸ் 12, அடுப்பு மூட்டவில்லை என்று வைத்துக்கொண்டால், பதினான்கு மணி நேர இரவு முடிந்து விடியும்போது முதல் வீடு 1 டிகிரிக்கு இறங்கியிருக்கும், இரண்டாவது 11 டிகிரியில் நிற்கும். முதல் வீட்டில் பானைத் தண்ணீர் உறையும் தறுவாயில் இருக்கும். இரண்டாவதில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு எழுந்து நடமாடலாம். காப்பை உட்புறம் ஒட்டினால் இந்த ஆதாயம் பெரும்பாலும் போய்விடும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அப்போது மண்ணின் கனம் குளிர்ப்பக்கம் தள்ளப்பட்டு, அறைக்கு உதவாமல் நிற்கும்.

இந்த வாதம் புதியது அல்ல. 1973-இன் எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு அமெரிக்காவிலும் கனடாவிலும் இரு முகாம்களாகப் பிரிந்து நடந்தது. பெரிய கண்ணாடியும் கனமான சுவரும் வேண்டும் என்றது ஒன்று. இலேசான, காற்றுப் புகாத, தடிமனாகக் காப்பிட்ட வீடு வேண்டும் என்றது மற்றொன்று. அணுகுண்டு உருவான லாஸ் அலமோஸ் ஆய்வகத்தில் டக்ளஸ் பால்கம் தலைமையிலான குழு, சோதனை அறைகளில் அளந்தும் மணிக்கு மணி கணினியில் ஓட்டியும், தொண்ணூறுக்கும் மேற்பட்ட மாதிரி அமைப்புகளுக்கு எளிய அட்டவணைகளைத் தயாரித்தது. வீட்டின் இழப்பைக் கண்ணாடிப் பரப்பால் வகுத்து, அந்த விகிதத்தை ஊர் வாரியான அட்டவணையில் பார்த்தால், வெப்பத் தேவையில் எத்தனை சதவீதம் வெயில் தரும் என்று தெரிந்துவிடும். சாதாரணக் கால்குலேட்டரை வைத்துக்கொண்டு ஒரு கட்டட வரைவாளர் அரைநாளில் முடித்துவிடக்கூடிய கணக்கு. அந்தக் காலத்துக்கு அது பெரிய கொடை. ஆனால் அந்த விகிதத்தைக் குறைக்க இரண்டு வழிகள் இருந்தன. இழப்பைக் குறைக்கலாம், இல்லையென்றால் கண்ணாடியைக் கூட்டலாம். இரண்டும் ஒரே சதவீதத்தைத் தரும். 200 யூனிட் இழக்கும் வீட்டில் பாதி வெயில் தந்தால் மீதி 100; 80 யூனிட் இழக்கும் வீட்டில் பாதி வெயில் தந்தால் மீதி 40. விளம்பரத்தில் இரண்டு வீடுகளும் ஐம்பது சதவீதச் சூரிய வீடுகள்தான். அடுப்பு எரிப்பவருக்கு இரண்டும் ஒன்றல்ல.

1977-இல் கனடாவின் ரெஜைனா நகரில் கட்டிய சஸ்காட்செவன் சேமிப்பு வீடு மறுமுகாமின் சான்று. சுவரில் ஏறக்குறைய ஓரடித் தடிமனுக்குக் காப்பு, காற்று புகாத மேலுறை, வெளியேறும் காற்றின் வெப்பத்தை உள்வரும் காற்றுக்கு மாற்றும் கருவி. வெற்றிடக் குழாய் சூரியத் தகடுகளும் இருந்தன. ஆனால் அந்த வீட்டிலிருந்து உலகம் எடுத்துக்கொண்ட பாடம் விலை உயர்ந்த தகடுகள் அல்ல, காப்பும் காற்றடைப்பும்தான். அதற்கும் முன்பு, 1961-இல் இங்கிலாந்தின் வாலசியில் எம்ஸ்லி மார்கன் வடிவமைத்த புனித ஜார்ஜ் பள்ளியின் பெரிய தெற்குக் கண்ணாடிச் சுவர் சூரிய வெப்பத்தின் வெற்றியாகப் பேசப்பட்டது. கணக்குப் பார்த்தபோது விளக்குகளும் பிள்ளைகளின் உடல் வெப்பமும் கணிசமான பங்கு சுமந்தது தெரிந்தது. தடித்த காப்பு அந்தச் சிறு வரவுகளை வெளியே விடாமல் வைத்திருந்ததால்தான் அவற்றுக்கு மதிப்பு வந்தது. 1991-இல் ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட்டில் போ ஆடம்சனும் வொல்ஃப்காங் ஃபைஸ்டும் முன்னெடுத்த பாசிவ்ஹவுஸ் வீடுகள் இந்த இரு முகாம்களையும் இணைத்தன. அங்கிருந்து உருவான தரம் சூரியனின் சதவீதத்தைக் கேட்கவில்லை. ஆண்டுக்குச் சதுர மீட்டருக்கு 15 யூனிட்டுக்கு மேல் சூடேற்றத் தேவைப்படக் கூடாது என்று மீதியையே வரையறுத்தது.

மதிப்பீட்டின் பிழை பற்றிய கேள்விக்கும் விடை மீதியில்தான் இருக்கிறது. நம் கணக்கில் இழப்பு பத்து சதவீதம் முன்பின், வெயில் பதினைந்து சதவீதம் முன்பின் தவறியிருக்கலாம் என்று வைப்போம். மண்சுவரின் ஈரம், கூரை மண்ணின் தடிப்பு, காற்றுச் சந்துகள் இவற்றை நினைத்தால் இது தாராளமான கணிப்பல்ல. இரண்டு தவறும் ஒரே பக்கம் சாய்ந்தால், காப்பில்லாத வீட்டின் 187 யூனிட், 156-க்கும் 218-க்கும் நடுவே எங்கும் இருக்கலாம். பிழை ஏறக்குறைய 17 சதவீதம். காப்பிட்ட வீட்டின் 30 யூனிட், 19-க்கும் 43-க்கும் நடுவே. பிழை 40 சதவீதம். சதவீதத்தைப் பார்த்தால் நல்ல வீட்டின் மதிப்பீடு மட்டமாகத் தோன்றும். யூனிட்டைப் பார்த்தால் முதல் வீட்டின் தடுமாற்றம் 62 யூனிட் அகலம், இரண்டாவதில் 24 தான். வீடு நன்றாக ஆக ஆக மதிப்பீட்டின் சதவீதப் பிழை கூடும், உண்மையான பிழை குறையும். இதை அறியாதவர்கள், அளந்த பயனீடு மதிப்பீட்டைவிட முப்பது சதவீதம் அதிகம் என்று கண்டதும் வீடு தோற்றுவிட்டதாக முடிவு கட்டுகிறார்கள். தோற்றது எத்தனை யூனிட் என்று கேட்டால் பெரும்பாலும் பேச்சு அங்கேயே முடிந்துவிடும்.

கணினி இருக்கும்போது இந்தத் தடுமாற்றம் எதற்கு என்று கேட்கலாம். எனர்ஜிபிளஸ் போன்ற நிரல்கள் ஆண்டின் 8,760 மணி நேரத்துக்கும் ஒவ்வொரு அறையின் வெப்பத்தைக் கணிக்கும். மேகமூட்டமான மூன்று நாள் தொடர்ந்து வந்தால் என்ன ஆகும் என்பதை மாதச் சராசரியால் காட்ட முடியாது, அவற்றால் முடியும். அந்த அளவில் அவை இன்றியமையாதவை. ஆனால் 1990-களில் பன்னாட்டு ஆற்றல் முகமையின் ஆய்வுத் திட்டம் ஒன்றில் ஒரே பெட்டி வீட்டின் விவரத்தைப் பல நிரல்களுக்குக் கொடுத்தபோது, விடைகள் ஒன்றுபோல் வரவில்லை. நிரல்கள் இன்று மேம்பட்டிருக்கின்றன என்றே வைத்துக்கொண்டாலும், காற்றுச் சந்து எத்தனை, மண்சுவரில் ஈரம் எவ்வளவு என்பதை நிரல் அறியாது. நாம் சொன்னதையே அது நான்கு தசம இடம் வரை திருப்பிச் சொல்லும். சந்தேகத்தைக் குறைப்பது அளவீடு. வாசலில் விசிறி பொருத்தி அழுத்தம் கொடுத்துக் காற்றுக் கசிவை அளக்கலாம். ஆளில்லாத வீட்டை ஓரிரு வாரம் மின்சார ஹீட்டரால் நிலையாகச் சூடாக்கி, டிகிரிக்கு எத்தனை வாட் போகிறது என்று நேராகவே பார்க்கலாம். இரண்டும் இழப்பின் அளவீடுகள் என்பதைக் கவனிக்க வேண்டும்.

இதைவிடக் கனமான மறுப்பு மனிதர்களைப் பற்றியது. அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் ட்வின் ரிவர்ஸ் குடியிருப்பை 1970-களில் ஆராய்ந்த பிரின்ஸ்டன் பல்கலைக்கழகக் குழு, ஒரே அச்சில் வார்த்த வீடுகளுக்குள்ளேயே சூடேற்றும் செலவு இரண்டு மடங்கு வரை வேறுபடுவதைக் கண்டது. குடியிருப்பவர் மாறினால் பயனீடும் மாறியது. கேம்பிரிட்ஜின் சுனிக்கா-பிளாங்க், கால்வின் இருவரும் 2012-இல் ஜெர்மன் வீடுகளை ஆராய்ந்து, மக்கள் கணக்கு சொல்வதைவிடச் சராசரியாக முப்பது சதவீதம் குறைவாகவே எரிப்பதையும், வீடு ஒழுக ஒழுக இந்த இடைவெளி கூடுவதையும் காட்டினார்கள். லடாக்கில் இது இன்னும் கண்கூடு. நம் காப்பில்லாத வீட்டுக்கு 187 யூனிட் வேண்டும் என்றால், புகைபோக்கி வழியே பாதி போனது போக, நாளொன்றுக்குத் தொண்ணூறு கிலோவுக்கு மேல் காய்ந்த விறகு வேண்டும். எந்தக் குடும்பமும் அப்படி எரிப்பதில்லை. குளிர்காலம் முழுக்க எல்லோரும் சமையலறை ஒன்றிலேயே கூடியிருப்பார்கள். புகாரி அடுப்பில் வறட்டியும் விறகும் அந்த ஓர் அறைக்குத்தான். ஆகவே 187-லிருந்து 30-ஐக் கழித்து இவ்வளவு எரிபொருள் மிச்சம் என்று எழுதும் திட்ட அறிக்கை, இல்லாத செலவை மிச்சமாகக் காட்டுகிறது. பாசிவ் சோலார் அந்தக் குடும்பத்துக்குத் தருவது பெரும்பாலும் கூடுதல் அறைகள், புகையில்லாத காலை, குழந்தைகள் தனியே உட்கார்ந்து படிக்க ஒரு மூலை. அவற்றையும் மதிப்பிட வேண்டும், ஆனால் அவற்றின் பெயரிலேயே.

அப்படியானால் மதிப்பீடே வீண் என்று சிலர் கை கழுவுவார்கள். மனிதர்களின் வேறுபாடு வீட்டின் வேறுபாட்டை அழித்துவிடுவதில்லை. காப்பிட்ட வீட்டில் ஊதாரி ஒருவர் இருமடங்கு எரித்தாலும் 60 யூனிட். காப்பில்லாத வீட்டில் சிக்கனமானவர் பாதி எரித்தாலும் 90-ஐத் தாண்டும். ஒரே மனிதரை இரண்டு வீட்டிலும் குடிவைத்தால் எது மேல் என்பதை மதிப்பீடு தெளிவாகவே சொல்லும். இன்னொன்றும் அது சொல்லும்: எதை முதலில் செய்வது என்று. காப்பிட்ட பிறகு கண்ணாடிக்கும் மதிப்பு வருகிறது என்பதை மறைக்க வேண்டியதில்லை. அந்த வீட்டில் இரவுப் பலகையோடு இன்னும் 10 சதுர மீட்டர் இரட்டைக் கண்ணாடி வைத்தால் நிகரமாக 17 யூனிட் கிடைப்பதுபோல் தோன்றும். ஆனால் நண்பகலில் வரவு மிஞ்சி வீணாவதைச் சேர்த்தால் அது 8 ஆகக் குறையும். அதாவது 30 யூனிட் 22 ஆகும். செய்யத் தகுந்த வேலைதான், கடைசியாகச் செய்ய வேண்டிய வேலை.

ஆகவே ஒரு வீட்டின் வெப்பத் தேவையை யாராவது மதிப்பிட்டுக் கொடுத்தால், அதில் இருக்க வேண்டியவை சில உண்டு. டிகிரிக்கு எத்தனை வாட் இழப்பு என்ற ஒரே எண்ணும், அதில் கூரை, சுவர், கண்ணாடி, தரை, காற்று தனித்தனியே எவ்வளவு என்ற பிரிப்பும் முதலில். எந்த உள்வெப்பநிலைக்கு, எத்தனை அறைக்கு என்ற நிபந்தனை அடுத்து. காப்பிட்ட வீட்டில் 16-க்குப் பதில் 14 டிகிரி போதும் என்றால் தேவை ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிடுவதால் இந்த நிபந்தனை சொல்லாத மதிப்பீட்டுக்குப் பொருளில்லை. பிறகு அடுப்பு தர வேண்டிய மீதி, மிகக் குளிர்ந்த மாதத்துக்கு நாள் யூனிட்டாக, கீழெல்லை மேலெல்லையோடு. சூரியனின் சதவீதம் வேண்டுமானால் கடைசி வரியில் இருக்கட்டும். இந்த வரிசையில் எழுதிய அறிக்கையைப் படிக்கும் வீட்டுக்காரர், தன் பணத்தை முதலில் எங்கே போடுவது என்று யாரையும் கேட்கத் தேவையிருக்காது. பிரிப்பில் மிகப் பெரிய எண் எதற்கு எதிரே இருக்கிறதோ, வேலை அங்கேதான் தொடங்க வேண்டும்.